திரையில் ஒரு மலைப்பாதை

மன்னார்த் தீவிலே மோட்டார் வாகனம் ஓட்டப் பழகுகிறவனுக்கு வளைவு என்றால் இன்னதென்று தெரியாது. ஏற்றமும் இறக்கமும் அவனுக்குப் பூகோள பாடத்தில் வருகிற சொற்கள். பெருநிலத்திலிருந்து கடலேரியின் நடுவாகத் தீவுக்குள் வருகிற, மூன்று கிலோமீற்றருக்குச் சற்றே அதிகமான தாம்போதியும், பட்டினத்தைக் கடந்து பேசாலையைத் தொட்டுக்கொண்டு பனங்கூடல்களின் ஊடாகத் தலைமன்னார் வரை செல்லுகிற வீதியும், நூல் பிடித்து வரைந்தாற்போல நேராகவும் பாய் விரித்தாற்போலச் சமதளமாகவும் கிடப்பதனால், காலால் ஒன்றை மிதித்துக் கையால் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதே சாரத்தியத்தின் முழு லட்சணம் என்னும் மயக்கம் எங்களூர் வாலிபர்களுக்கு மிக எளிதில் உண்டாகிவிடுகிறது. எனக்கும் அந்த மயக்கம் இருந்தது. அது தெளிந்த இடம் நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்குகிற மலைப்பாதை. கியரைக் குறைத்து, இயந்திரத்தின் இழுவையினாலே வேகத்தை அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற சிறு விஷயம்கூடத் தெரியாமல், ஒரு பழைய மொறிஸ் மைனர் வண்டியை வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே இறக்கிக்கொண்டு வந்தபோது, முதலில் ஒரு கருகல் நாற்றம் வந்தது. பிறகு மிதி தரையைத் தொட்டது. தேயிலைத் தோட்டத்து வடிகான் ஒன்றில் முன்சில்லு இறங்கி வண்டி நின்றதனாலேதான் இன்று இதை எழுத இருக்கிறேன்.

இது நடந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, பேசாலையிலே என் சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு வேண்டிய 18 வயது இன்னும் நிறையாத என் மருமகன், ஒரு மேசையின் விளிம்பில் சுக்கான் சக்கரம் ஒன்றைப் பூட்டி, கீழே மூன்று மிதிகளை வைத்து, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு ஜெர்மனி தேசத்து மலைக்காட்டினூடே வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். நியூர்பர்க்ரிங் என்ற அந்தப் பழைய பந்தயப் பாதை 1927இல் திறக்கப்பட்டது. அதன் வடக்குச் சுற்றின் நீளம் இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல், அதாவது மன்னாரிலிருந்து தலைமன்னார் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்தத் தூரத்துக்குள்ளே எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகளும், மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் இடையில் ஏறக்குறைய 300 மீற்றர் வித்தியாசமும் இருக்கின்றன. கடல் மட்டத்துக்குச் சில அடி உயரத்தில் வாழ்கிற ஒரு பையன், தன் தீவு தனக்கு ஒருபோதும் தரமுடியாத மலையைத் தன் அறைக்குள்ளே வரவழைத்துக்கொண்டிருக்கிறான் என்று அப்பொழுது எனக்குத் தோன்றியது. விளையாட்டுத்தானே என்ற இளக்காரம் என்னைவிட்டு நீங்கியதும் அந்தக் கணத்திலேதான்.

சுக்கான் என்று எழுதினேன். தோணியின் பின்புறத்துச் சுக்கானை அறியாதவர் எங்கள் கரையில் இல்லை. ஆனால் அந்தச் சொல் அரபு மாலுமிகளோடு கடல் தாண்டி வந்தது என்பதை அறிந்தவர் சிலரே. பள்ளிமுனையில் நிற்கிற பெருக்க மரத்தையும் அவர்களே கொண்டுவந்தார்கள் என்பது இங்குள்ள ஐதிகம். மரம் எப்படி வந்ததோ, சொல் வந்தது நிச்சயம்.

ஆபத்தான ஒரு தொழிலைப் பாவனையினாலே பயிற்றுவது புதிய யுக்தி அன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டிலே ஆகாய விமானம் ஓட்டப் பழகுவதற்கென்று ஒரு பெட்டியைச் செய்தார். அவருடைய தகப்பனார் பியானோவும் ஓர்கனும் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தவர். ஆகவே மகன், ஓர்கனுக்குள்ளே காற்றூட்டுகிற துருத்திகளையே எடுத்து, தரையோடு பொருத்திய ஒரு சிறு விமானக் கூண்டின் கீழே அமைத்து, அது சாயவும் நிமிரவும் திரும்பவும் செய்தார். முதலில் அதை வாங்கியவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். 1934இல் தபால் ஏற்றிச் சென்ற இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் வீழ்ந்து மாண்ட பிறகே, அமெரிக்க இராணுவம் அந்தப் பெட்டிகளில் ஆறை வாங்கியது. இரண்டாம் உலக யுத்தத்திலே எண்ணற்ற விமானிகள் அதில் அமர்ந்து பழகினார்கள். விளையாட்டுச் சாமான் என்று இகழப்பட்டது கல்விச் சாதனம் ஆனதற்கு இடையில் ஐந்து ஆண்டுகளும் சில சவப்பெட்டிகளும் வேண்டியிருந்தன.

மோட்டார் வண்டிக்கும் இதே கதை ஏறக்குறைய நடந்திருக்கிறது. ஜப்பானியராகிய கசுனோரி யமவுச்சி என்பவர் 1997இல் வெளியிட்ட கிரான் டூரிஸ்மோ என்ற விளையாட்டில் தேர்ந்த வாலிபர்களை, 2008 முதற்கொண்டு ஒரு போட்டியின் மூலம் பொறுக்கி எடுத்து நிஜமான பந்தய வண்டியிலே ஏற்றினார்கள்; ஸ்பெயின் தேசத்து லூக்காஸ் ஓர்டோனியெஸ் முதல்வர், 2011இல் வென்ற பிரிட்டிஷ் இளைஞர் ஜான் மார்டன்பரோ மிகவும் பிரசித்தி பெற்றவர். ஐரேசிங் என்ற பாவனை வீதிகளிலே பழகத் தொடங்கிய வில்லியம் பைரன் என்ற அமெரிக்கர், 2024இலும் 2025இலும் டேட்டோனா 500 பந்தயத்தை வென்றார். இவர்கள் ஆயிரத்தில் ஒருவர், லட்சத்தில் ஒருவர். எங்களுக்கு வேண்டிய கேள்வி வேறு: தலைமன்னாரிலிருந்து வவுனியா வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுபோகிற ஒரு சாதாரண சாரதிக்கு இந்தப் பெட்டி ஏதாவது கற்பிக்குமா?

கற்பிக்கும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அது கற்பிப்பது வேகத்தை அன்று, ரயரின் எல்லையை.

வண்டிக்கும் வீதிக்கும் உள்ள சம்பந்தம் முழுவதும், சில்லு ஒன்றுக்கு ஓர் உள்ளங்கை அளவாக, நான்கு உள்ளங்கைகளின் பரப்பிலேயே அடங்கியிருக்கிறது. வேகம் எடுப்பது, நிறுத்துவது, திரும்புவது ஆகிய மூன்று காரியங்களும் அந்தச் சிறு பரப்பின் பிடிமானத்திலிருந்தே செலவாக வேண்டும். அந்தப் பிடிமானத்தை நூறு ரூபாய் முதல் என்று வைத்துக்கொண்டால், நூறையும் பிரேக்கிலே செலவிட்டவனுக்குத் திரும்புவதற்கு ஒரு சதமும் மிஞ்சாது. வளைவின் நடுவிலே பதறிப்போய் முழுப்பலத்தோடு பிரேக்கை மிதிக்கிறவனுடைய வண்டி, சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் திரும்பாமல் நேரே போய் வேலியில் மோதுவது இதனாலேதான். ஆனால் இந்தக் கணக்கிலே ஒரு விசித்திரம் உண்டு: எண்பது ரூபாயைப் பிரேக்குக்குக் கொடுத்தால் மிச்சம் இருபது அன்று, அறுபது. பள்ளிக்கூடத்திலே பைதகரசின் முக்கோணத்தைப் படித்தவர்களுக்கு மூன்று, நான்கு, ஐந்து என்ற அந்தப் பழைய கணக்கு ஞாபகம் வரும். பிடிமானம் நேராகவும் பக்கவாட்டிலும் பிரிகிறபோது கூட்டல் கழித்தலால் பிரியாமல், ஒரு வட்டத்தின் ஆரம் பிரிகிறதுபோலப் பிரிகிறது. ஆகையினால், வளைவுக்குள் நுழையுமுன்னே நேர்வீதியிலே பலமாகப் பிரேக் பிடித்து, வளைவுக்குள் புகப் புக, சுக்கான் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்குக் காலைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டு வருகிறவன், நூறு ரூபாயையும் வீணாக்காமல், கடனும் படாமல் செலவு செய்கிறவன் ஆகிறான். கைதேர்ந்த பந்தயச் சாரதிகளின் பெரிய ரகசியம் என்று சொல்லப்படுவது இவ்வளவே.

ரயர் எப்படிப்பட்ட எசமான் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலே நடந்த ஃபோர்முலா 1 பந்தயத்தில், சாய்வான ஓர் அதிவேக வளைவைத் தங்கள் ரயர்கள் தாங்கா என்று மிஷலின் நிறுவனத்தார் கண்டுகொண்டதனால், அந்த ரயர் பூட்டிய 14 வண்டிகள் பந்தயம் தொடங்குமுன்னரே ஒதுங்கிவிட்டன. மிஞ்சி ஓடியவை ஆறு. அந்த ஆறில் ஒன்றை ஓட்டியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன். இந்தியாவின் முதல் ஃபோர்முலா 1 சாரதியாகிய அவர் அன்று நான்காவதாக வந்தார். உலகத்து மகா சாமர்த்தியசாலிகள் பலர் கொட்டகைக்குள்ளே கைகட்டி நிற்க நேர்ந்தது சாமர்த்தியக் குறைவினால் அன்று, ரப்பரின் குறைவினால்.

இனி, பாரம் ஒன்று இருக்கிறது. வள்ளத்திலே ஓர் ஆள் பின்புறத்திலிருந்து எழுந்து அணியத்துக்குப் போனால் அணியம் தாழ்ந்து பின்புறம் எழும்புவதுபோல, பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சில்லுகளுக்குப் போகிறது. பாரம் ஏறிய ரயருக்குப் பிடி அதிகம், பாரம் இறங்கிய ரயருக்குப் பிடி குறைவு. இதை அறியாதவன் வளைவின் நடுவிலே வேகமிதியிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிடுகிறான். பின்சில்லுகள் இலேசாகிப் பிடி விட்டு, வண்டியின் வால் முன்னே வரப் பார்க்கிறது. நிஜ வீதியிலே இந்தப் பாடத்தைப் படிக்கிறவனுக்கு இரண்டாம் தடவை படிக்கிற பாக்கியம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பெட்டியிலே ஒரு பொத்தானை அமுக்கினால் வண்டி பழைய இடத்தில், கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லாமல், வந்து நிற்கிறது. தவறைச் செலவில்லாமல், அதே இடத்தில், அதே மாதிரி, ஐம்பது முறை செய்து பார்க்கலாம் என்பதிலே இந்தச் சாதனத்தின் பெருமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆனால் என் மருமகன் ஆரம்பத்திலே அந்தப் பெருமையைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை ஓர் இத்தாலிய வண்டி, செவ்வாய்க்கிழமை ஒரு ஜெர்மன் வண்டி, ஒவ்வொரு நாளும் ஒரு புதிய பாதை என்று, திருவிழாக் கடைவீதியில் பிள்ளை அலைகிறதுபோல அலைந்து, மூன்று மாதமாகியும் முதல் நாள் எப்படிச் சுழன்று விழுந்தானோ அப்படியே விழுந்துகொண்டிருந்தான். அதிக பலமுள்ள வண்டி, கற்கிறவனுடைய பிழையை நேர்வீதியிலே எடுக்கிற வேகத்தினால் மறைத்துவிடும். ஐரேசிங்கில் புதியவர்களுக்கு முதலில் மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற சிறிய, பலம் குறைந்த வண்டியைக் கொடுப்பது இதனாலேதான் போலும். அந்த ஒரு வண்டியையும் ஒரு குறுகிய பாதையையும் வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மாத்திரம் மாற்றிப் பார்க்கத் தொடங்கிய பிறகே அவனுக்குக் கல்வி ஆரம்பமாயிற்று. இன்றைக்குப் பிரேக் பிடிக்கிற இடம். நாளைக்கு அதை விடுகிற விதம். தன்னுடைய மிகச் சிறந்த சுற்றின் நேரத்தைச் சுவரில் எழுதி வைத்துப் பூரித்திருந்தவனிடம், பத்துச் சுற்றுகளில் மிகச் சிறந்ததற்கும் மிக மோசமானதற்கும் உள்ள இடைவெளியை எழுதச் சொன்னேன். ஆறு விநாடி இருந்தது. அந்த இடைவெளி அரை விநாடிக்குச் சுருங்குமுன் வேகத்தைப் பற்றிப் பேசுவது வீண். எப்போதோ ஒரு தடவை நன்றாக ஓட்டியது அதிர்ஷ்டம், சாமர்த்தியம் அன்று.

பண்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, விற்கிறவர்கள் வேண்டிய அளவு சொல்லுகிறார்கள். எனினும் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. திரை கண்ணுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, எவ்வளவு அகலமோ, அதற்கு ஏற்றபடி காட்சியின் கோணத்தை விளையாட்டிலே அமைத்துக்கொள்ள வேண்டும். கோணம் அகன்றுவிட்டால் வேகம் மிகையாகவும், வளைவு உள்ளதைவிடத் தூரமாகவும் தோன்றும். மற்றது பிரேக் மிதி. மலிவான மிதிகள் கால் எவ்வளவு தூரம் போயிற்று என்பதை அளக்கின்றன. ஆனால் மனிதனுடைய கால் ஞாபகம் வைத்திருப்பது தூரத்தை அன்று, அழுத்தத்தை. அழுத்தத்தையே அளக்கிற மிதிகள் உண்டு, விலை அதிகம். பழைய ரப்பர்ச் செருப்பில் ஒரு துண்டை வெட்டி மிதியின் பின்னே செருகி என் மருமகன் அந்தச் செலவை மிச்சம் பிடித்தான். ஒரு வாரத்தில் அவனுடைய பிரேக் பாதி திருந்தியது.

அவன் கட்டாயப்படுத்தியதனால் நானும் ஒரு நாள் அமர்ந்தேன். சுக்கானுக்குள்ளே இருக்கிற மோட்டார் கைகளை இழுக்கிற இழுவையிலே, முன்சில்லுகள் பிடி விடப்போகிற கணத்தில் திடீரென்று ஓர் இலேசு வருகிறது; றம்பொடை வளைவுகளிலே அந்த இலேசு என் கைகளுக்குச் சொல்லிய செய்தியை அன்று நான் விளங்கிக்கொள்ளவில்லை என்பது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு மேசையின் முன்னே விளங்கியது. அப்படியிருந்தும் நான்கு தடவை ஒரே சுவரில் மோதினேன்.

“மாமா, நீங்க சுவரையே பாக்கிறீங்க. கண் போற இடத்துக்குத்தான் கை போகும். வளைவு முடியிற இடத்தைப் பாருங்க.”

ஐந்தாவது தடவை மோதவில்லை. அரை நூற்றாண்டு வண்டி ஓட்டியவனுக்கு ஒரு பையன் சொல்லித்தரவேண்டியதாயிற்றே என்று வெட்கப்பட்டாலும், விஷயம் சத்தியமானது: புதிய சாரதியின் கண் வண்டியின் மூக்குக்கு முன்னே பத்து அடியிலே கிடக்கிறது, பழகியவனுடைய கண், அடுத்து என்ன வருகிறது என்று தூரத்தே போய் விசாரித்துக்கொண்டு வருகிறது. மணித்தியாலத்துக்கு 70 கிலோமீற்றர் வேகத்திலே ஒரு விநாடிக்கு 19 மீற்றருக்கு மேல் வண்டி போய்விடுகிறது. கால் அசையுமுன்னே கழிந்துவிடுகிற அந்த விநாடியை முன்கூட்டியே சம்பாதித்துத் தருவது கண் ஒன்றே.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மியூனிக் சர்வகலாசாலையைச் சேர்ந்த உளவியல் ஆராய்ச்சியாளர் சிலர் 2007இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், வீதி விதிகளை மீறுவதற்கே வெகுமதி தருகிற பந்தய விளையாட்டுகளை ஆடி எழுந்தவர்கள், ஆபத்தை விரும்புகிற மனநிலையோடு எழுந்தார்கள் என்று கண்டார்கள். இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது நோர்வே தேசத்தின் அநுபவம். பனி உறைந்த வழுக்கு வீதிகளிலே வண்டியை எப்படி மீட்பது என்பதைப் புதிய சாரதிகளுக்கு அங்கே 1979 முதல் கட்டாயப் பாடமாக்கினார்கள். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது, அந்தப் பாடம் பயின்ற இளம் ஆண்களிடையே வழுக்கு வீதி விபத்துகள் குறையாமல் கூடியிருந்தன. வழுக்கினாலும் மீட்டுக்கொள்வேன் என்ற தைரியம், வழுக்காமல் போகவேண்டும் என்ற புத்தியைத் தின்றுவிட்டது. பெட்டியில் பழகுகிற எங்கள் வாலிபர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு, அதிகமாகவே உண்டு. ஏனென்றால் பெட்டியிலே பயம் இல்லை, முதுகை அழுத்துகிற பாரம் இல்லை, இரத்தம் இல்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அதற்கு இப்பால் வெகுதூரத்தில் நிற்பதற்காக என்று எந்த விளையாட்டும் திரையில் எழுதிக் காட்டுவதில்லை. அதை வீட்டிலே ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

மேலும், பந்தயப் பாதையிலே எல்லோரும் ஒரே திசையில், ஒரே நோக்கத்தோடு போகிறார்கள். எங்கள் வீதியிலே நோக்கங்கள் பல. இந்தத் தீவின் கழுதைகளைப் பற்றி அறியாதவர் இலங்கையில் இரார். ஒரு காலத்தில் பொதி சுமந்த வம்சத்தின் சந்ததிகள் இன்று எசமான் இல்லாமல் பட்டினத்திலும் வீதியிலும் திரிகின்றன, வண்டிகளில் அடிபட்டுக் கால் முறிந்தும் கிடக்கின்றன. ஆடு ஓடும், நாய் ஒதுங்கும், மாடு யோசிக்கும். கழுதையோ, ஒலி எழுப்பினாலும் விளக்கைக் காட்டினாலும், வீதி தன்னுடையது என்ற தீர்மானத்தோடு நிற்கும். அதன் சாம்பல் நிறம் இரவிலே தார் வீதியோடு கலந்துவிடுகிறது. எந்தப் பாவனை வீதியிலும் இப்படி ஒரு பாத்திரத்தை நான் காணவில்லை.

காற்றும் அப்படியே. சோளகம் வீசுகிற மாதங்களில், தீவின் தென்கரையிலே 2020 முதல் நிற்கிற முப்பது காற்றாலைகள் எதற்காக அங்கே நிறுத்தப்பட்டன என்பது, தாம்போதியிலே ஒரு வெறும் வானை ஓட்டிப் போகிறவனுக்கு யாரும் விளக்காமலே விளங்கும். இருபுறமும் தண்ணீர், மறைப்புக்கு ஒரு மரமும் இல்லை, பக்கத்திலிருந்து ஒரு கை வண்டியைத் தள்ளுகிறது. எதிரே வருகிற பேருந்து ஒரு கணம் காற்றை மறைத்து, மறுகணம் திறந்துவிடும்போது, சுக்கானை இறுக்கிப் பிடித்திருப்பவன் தன் பிடியினாலேயே வண்டியைக் கோணலாக்குவான். அதே காற்று கரையோர வீதிகளில் மணலை அள்ளிவந்து மெல்லிய திரையாகப் பரப்பிவிடுகிறது. பிடிமானம் பாதியானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் இரட்டிப்பாகும். நூறு ரூபாய் முதல் ஐம்பதாகிவிட்டது என்பதை மணல் முன்கூட்டி அறிவிப்பதில்லை. போதாக்குறைக்கு, வங்காலைப் பக்கத்து ஆழமற்ற நீரிலே பூநாரைகள் வந்து இறங்குகிற பருவத்தில், சாரதிகள் எல்லோருக்கும் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. கண் போகிற இடத்துக்குக் கை போகும் என்று என் மருமகன் சொன்னதை அப்பொழுது நினைத்துக்கொள்வேன்.

அவனுக்கு இப்பொழுது வயது 18 நிறைந்து, எல் பலகை கட்டிய வண்டியிலே ஒரு பயிற்றுநரோடு ஓடுகிறான். பெட்டியிலே எத்தனை நூறு மணித்தியாலம் ஓடினான் என்று பரீட்சை அதிகாரி கேட்கப்போவதில்லை. முதல் வாரம் கிளச்சிலே தடுமாறி மூன்று முறை சந்தியில் நின்றுபோனான் என்றும், ஆனால் பிரேக் பிடிப்பதில் பழைய சாரதி மாதிரி இருக்கிறான் என்றும் பயிற்றுநர் சொன்னாராம். இரவிலே அவன் வேறொரு வேலை செய்கிறான். அசெட்டோ கோர்சா என்ற இத்தாலிய விளையாட்டிலே ஆடுகிறவர்களே புதிய பாதைகளைச் செய்து சேர்க்கலாமாதலால், திருக்கேதீஸ்வரச் சந்தியிலிருந்து தாம்போதி வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை வரை உள்ள வீதியை, பனைமரம் பனைமரமாக, கணினியிலே கட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறான். தாம்போதி முடிந்துவிட்டது, காற்றாலைகள் சுழல்கின்றன, பேசாலைக் கோயிலின் கோபுரம் பாதி எழும்பியிருக்கிறது. கழுதைக்கு மாத்திரம் உருவம் இன்னும் கிடைக்கவில்லை. தற்காலிகமாக, எருக்கலம்பிட்டிச் சந்தியிலே, கழுத்தில் மணி கட்டிய ஒரு சுவிட்சர்லாந்துப் பசுவை நிறுத்தி வைத்திருக்கிறான்.